ஏர்வாடியின் சங்கிலிகள்: கண்டவர் கடமை பற்றிய ஒரு வரலாற்று ஆய்வு

சேது நாடு என வழங்கிவந்த இராமநாதபுரக் கடற்கரை நெடுங்காலமாகவே நேர்த்திக்கடன்களின் கரையாக இருந்து வந்துள்ளது. இந்தியாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் இராமேசுவரத்துக்கு வந்து தீர்த்தமாடுகின்றனர். 1693ஆம் ஆண்டு ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோவின் திருத்தலத்துக்குக் கத்தோலிக்கர் மட்டுமன்றிப் பிறரும் வருகின்றனர். கீழக்கரைக்கு அருகிலுள்ள ஏர்வாடியில், மதீனாவிலிருந்து வந்தவர் என மரபு கூறும் சுல்தான் சையது இபுராகிம் ஷஹீது அவர்களின் தர்கா உள்ளது. சேதுபதி மன்னர்கள் கொடை வழங்கிய இத்தலத்தையும் எல்லாச் சமயத்தாரும் நாடுகின்றனர். வேறெங்கும் ஆறுதல் காணாத நோயாளிகளை, குறிப்பாக மனநோயுற்றோரை, அவர்களுடைய உறவினர் தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இங்கே அழைத்து வந்தனர்.

இந்த ஏர்வாடியில், 2001ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் விடியற்காலையில், மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே ஏறத்தாழ நாற்பத்தைந்து பேர் இருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இரும்புச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். கட்டுத் தளர்ந்திருந்த சிலர் தப்பினர். மற்றவர்களால் எழுந்து ஓட இயலவில்லை. இருபத்தைந்து பேர் அவ்விடத்திலேயே மாண்டனர். பின்னர் இறந்தோரையும் சேர்த்து 28 உயிர்கள் பலியாயின. கருகிய உடல்களை இன்னாருடையவை என்று அடையாளம் காணவும் முடியவில்லை.

இந்நிகழ்ச்சியை நாம் ஈண்டு ஆராய்வது பிறிதொரு சமயத்தாரின் குறையை எடுத்துக்காட்டுவதற்காக அன்று. தீப்பற்றிய காப்பகம் தனியார் ஒருவர் நடத்தியது. அது தர்காவின் நிறுவனம் அன்று. மேலும், இத்தகைய கட்டுகள் கோயில்களை அண்டியும், கிறிஸ்தவத் திருத்தலங்களையும் செப வீடுகளையும் அண்டியும் இருந்தவையே. நம் கவனத்துக்குரிய வினா வேறு. ஏர்வாடியின் சங்கிலிகள் இரகசியமாக இருக்கவில்லை. பலர் பல்லாண்டுகளாக அவற்றைக் கண்டனர். கண்டவர்கள் ஏன் சொல்லவில்லை? எளியோர் துன்புறுத்தப்படுவதைக் கண்டறிவதும் அறிவிப்பதும் திருப்பணியின் பகுதி என்று கொள்ளும் நமக்கு இந்த வினாவே அடிப்படையானது.

காப்பகங்கள் தோன்றிய விதம்

தர்காவின் தீர்த்தத்துக்கும் அங்கே எரியும் விளக்கின் எண்ணெய்க்கும் குணமாக்கும் ஆற்றல் உண்டென மக்கள் நம்பினர். வீடு திரும்பலாம் என்னும் கட்டளை நோயாளிக்குக் கனவில் கிடைக்கும் வரை அங்கேயே தங்கியிருப்பது வழக்கம். அக்கட்டளை இரண்டு மாதங்களிலும் வரலாம். பல ஆண்டுகளும் ஆகலாம். தொடக்கத்தில் உறவினர் நோயாளியோடு உடன் தங்கினர். ஆனால் கூலி வேலையை நம்பி வாழும் குடும்பம் எத்தனை மாதங்கள் அவ்வாறு தங்க இயலும்? தங்க இயலாதோரின் இடத்தை நிரப்பவே காப்பகங்கள் தோன்றின. அவற்றைத் தொடங்கியோருள் பலர், தம் உறவினரின் நோய் நீங்க வேண்டுமென்று முன்னர் ஏர்வாடிக்கு வந்தவர்களே. குடும்பத்தார் மாதந்தோறும் பணம் செலுத்திவிட்டு ஊர் திரும்பினர்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். உறவினர் உடன் இருந்த காலத்தில் நோயாளி ஒருவருடைய மகன், ஒருவருடைய தங்கை. உறவினர் சென்றபின் அவர் ஓர் எண்ணிக்கை ஆனார். பலரைக் காக்கச் சிலரே இருந்த இடத்தில் சங்கிலி ஆட்குறைவை ஈடுசெய்யும் கருவியாயிற்று. பகலில் மரத்தோடு கயிற்றால் பிணைப்பதும் இரவில் சங்கிலியால் பூட்டுவதும் நடைமுறையாயின. தீய ஆவியை விரட்டுவதாகக் கூறிப் பிரம்பால் அடிப்பதும் உண்டு. கொடுமை செய்வதே நோக்கமாக இவ்வேற்பாடு தொடங்கவில்லை. அன்பும் வறுமையும் நம்பிக்கையும் வருவாயும் ஒன்றோடொன்று பின்னி, அதனைக் கொடுமையில் கொண்டுபோய் நிறுத்தின.

மருத்துவம் எட்டாத தொலைவில் இருந்தமையும் ஒரு காரணம். சென்னையில் 1794ஆம் ஆண்டு வாலண்டைன் கொனலி என்னும் மருத்துவர் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்ததே இன்றைய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. 2001இலும் தமிழகத்தில் மனநோய்க்கென அமைந்த அரசுப் பெருமருத்துவமனை அது ஒன்றே. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இருந்தபோதிலும், சேது நாட்டின் சிற்றூரில் வாழ்ந்தவருக்கு மருத்துவரைவிடத் தர்காவே அருகில் இருந்தது.

மறைக்கப்படாத சங்கிலி

பூட்டிய அறைக்குள் நடக்கும் கொடுமையைப் பிறர் அறியாதிருத்தல் இயல்பு. ஏர்வாடியிலோ, மரத்தடியில் கட்டப்பட்டிருந்தவர்களை யாத்திரிகர் கண்டனர், வணிகர் கண்டனர், அலுவலர் கண்டனர். எனினும் கண்டவை வன்முறை என்னும் பெயரைப் பெறவில்லை. இதற்கு ஐந்து காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, அது சிகிச்சை எனக் கருதப்பட்டது. நன்மைக்காகச் செய்யப்படும் துன்பம் துன்பமாகத் தோன்றுவதில்லை. இரண்டாவது, பெற்றோரே ஒப்படைத்துச் சென்றிருக்க, நாம் தலையிட யார் என்னும் தயக்கம். மூன்றாவது, பிறருடைய சமய நம்பிக்கையில் குறுக்கிடுவதாகுமோ என்னும் அச்சம். நான்காவது, இவ்வளவு வெளிப்படையாக நடப்பது அதிகாரிகளுக்குத் தெரியாமலா இருக்கும் என்னும் எண்ணம். ஐந்தாவதும் கொடியதுமானது, கட்டப்பட்டவரின் சொல்லுக்கு மதிப்பில்லாமை. அவர் வலிக்கிறது என்று கதறினால், அக்கதறலே அவருடைய நோய்க்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

இவ்வைந்தும் ஏர்வாடிக்கு மட்டும் உரியன அல்ல. குழந்தை அடிபடும் வீட்டிலும் இவையே வழங்குகின்றன. அடியாத மாடு பணியாது என்னும் பழமொழி, நோயாளியின் முதுகிலும் மாணவனின் உள்ளங்கையிலும் ஒரே பிரம்பைத்தான் வைக்கிறது. திருத்துவதற்காகவே அடித்தோம் என்பது, குணமாக்குவதற்காகவே கட்டினோம் என்பதன் மறுவடிவமே.

சட்டம் நடந்து வந்த வழி

ஏர்வாடியில் தீப்பற்றியபோது சட்டம் இல்லாமல் இல்லை. 1912ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993 முதல் நடைமுறையில் இருந்தது. சிகிச்சையின்போது உடலுக்கோ உள்ளத்துக்கோ இழிவும் கொடுமையும் இழைத்தல் ஆகாது என்று அது விதித்தது. மனநோயாளிகளை வைத்துப் பேணும் இல்லம் உரிமம் பெற வேண்டும் என்றும் கூறியது. கொடுமைக்குள்ளான மனநோயாளியைப் பற்றிக் காவல்துறை அலுவலர் நீதித்துறை நடுவருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் தனி மனிதரைப் பொறுத்தமட்டில், தெரிவிக்கலாம் என்று மட்டுமே அச்சட்டம் சொல்லிற்று. அறிவித்தல் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது.

தீ விபத்துக்குப் பின் நிகழ்ச்சிகள் விரைந்தன. ஆகஸ்டு 13ஆம் நாள் ஏர்வாடியின் இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். என். ராமதாஸ் தலைமையிலான விசாரணை ஆணையம், உரிமமின்றி எவரும் இல்லம் நடத்தலாகாது எனவும் கட்டுண்டோர் யாவரும் விடுவிக்கப்பட வேண்டும் எனவும் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதனை வழக்காக ஏற்று, 2002 பிப்ரவரியில், மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பது சட்ட விரோதம் என்பதைச் சிற்றூர் மக்களும் அறியுமாறு மத்திய, மாநில அரசுகள் எடுத்துரைக்க வேண்டும் என ஆணையிட்டது. காப்பகத்தை நடத்தியவருக்கும் அவருடைய மனைவிக்கும் உறவினர் இருவருக்கும் 2007இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னாளில், மருந்தும் வேண்டுதலும் ஒருங்கே நடைபெறுமாறு, தர்காவின் அருகிலேயே மனநல மருத்துவ உதவியை அரசு கிடைக்கச் செய்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுற்றவரை எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைத்தலைத் தடை செய்கிறது. அதில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய மாற்றம் வேறொன்று உண்டு. மனநோயுற்ற ஒருவரைப் பேணும் பொறுப்புடையவரே அவரைக் கொடுமைப்படுத்துகிறார் அல்லது புறக்கணிக்கிறார் என்று நம்பக் காரணமுள்ள எவரும், அவ்விடத்துக் காவல் நிலையப் பொறுப்பு அலுவலருக்கு அதனைத் தெரிவித்தல் வேண்டும் என்கிறது இச்சட்டம். தெரிவிக்கலாம் என்பது தெரிவிக்க வேண்டும் என்றாயிற்று. ஒரு வினைமுற்றின் இம்மாற்றத்துக்குள் ஏர்வாடியின் 28 உயிர்களும் அடங்கியுள்ளன என்று கூறுதல் மிகையாகாது.

ஆயினும் சட்டம் மாறியவுடன் வழக்கம் மாறிவிடுவதில்லை. உத்தரப் பிரதேசத்துப் பதாயுனில் நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த செய்தி 2019இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 2023இல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமமின்றி இயங்கிய காப்பகம் ஒன்றின்மேல் கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து மீட்கப்பட்டனர். அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணாமல் அவருடைய குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தை அணுகியதே அக்கதவு திறக்கக் காரணமாயிற்று. எங்கள் உறவினர் எங்கே என்று ஒரு குடும்பம் விடாது கேட்டதனால் மற்றவர்களும் வெளியே வந்தனர்.

சொன்னவர்களின் வரலாறு

கண்டதைச் சொன்னவர்களுக்கும் திருச்சபை வரலாற்றில் இடமுண்டு. இங்கிலாந்தின் யார்க் நகரக் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட ஹன்னா மில்ஸ் என்னும் குவேக்கர் விதவை 1790இல் சில வாரங்களுக்குள் இறந்தார். அவரைக் காணச் சென்ற சபையாருக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. பார்க்க விடாத இடத்தில் ஏதோ தவறுண்டு என்று உணர்ந்த குவேக்கர், வில்லியம் டியூக்கின் முயற்சியால் 1796இல் தாமே ஓர் இல்லத்தைத் திறந்தனர். அங்கே சங்கிலியும் அடியும் விலக்கப்பட்டன. வேலையும் உரையாடலும் மரியாதையும் மருந்தாயின.

இலண்டனின் பெத்லெம் மருத்துவமனை வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1770ஆம் ஆண்டளவு வரை அங்கே பொதுமக்கள் நோயாளிகளை வேடிக்கை பார்க்கச் செல்வது வழக்கமாயிருந்தது. பெருந்திரள் கண்டது, எவரும் பொருட்படுத்தவில்லை. 1814இல் எட்வர்டு வேக்ஃபீல்டு என்பவரும் அவருடைய தோழரும் அங்கே சென்று, ஜேம்ஸ் நாரிஸ் என்பவர் ஏறத்தாழப் பத்தாண்டுகளாக இரும்புப் பட்டைகளால் பிணைக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். அவர்கள் இரக்கப்பட்டுத் திரும்பிவிடவில்லை. அவருடைய பெயரை எழுதினர். கட்டப்பட்ட விதத்தை எழுதினர். படம் வரையச் செய்தனர். நாடாளுமன்றத்துக்கும் நாளிதழ்களுக்கும் கொண்டுசென்றனர். 1815இல் நாடாளுமன்றக் குழு இதனை விசாரித்தது. வேடிக்கை பார்த்த கண்ணுக்கும் சாட்சி சொன்ன கண்ணுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

திருத்தலமும் நலமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கும் சான்றுண்டு. பெல்ஜியத்தின் கேல் என்னும் ஊர், புனித திம்ப்னாவின் பெயரால் ஏர்வாடியைப் போலவே மனநோயாளிகள் நாடிச் சென்ற தலம். கோயிலில் இடம் போதாமற்போகவே, ஊரார் நோயாளிகளைத் தம் வீடுகளில் ஏற்றனர். முற்காலத்தில் அங்கும் விலங்குகள் வழங்கின. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசு அவ்வமைப்பைத் தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டது. குடும்பங்களோடு நோயாளிகள் வாழும் அம்மரபு இன்றுவரை நிலைத்துள்ளது. தமிழகத்திலும், வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 நோயாளிகளை ரகுராமும் அவர்தம் உடனாய்வாளரும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். சராசரி ஆறு வாரத் தங்கலில் நோயின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. தனிச் சடங்குகள் ஏதுமின்றி, அச்சுறுத்தாத இடமும் ஆதரவான சூழலுமே நன்மை பயத்ததாக அவர்கள் கருதினர்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் 1957இல் நிறுவிய மனநல மையமும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. மருத்துவர் ஃபிளாரன்ஸ் நிக்கோல்ஸ் அம்மையாரின் முன்முயற்சியால் எழுந்த அம்மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்க வேண்டும் என்பது நெறி. ஏர்வாடியில் உறவினர் நீங்கியபோது சங்கிலி வந்தது. பாகாயத்தில் உறவினர் உடனிருந்தமையால் அது தேவைப்படவில்லை.

கதரேனர் நாட்டில் கண்டது

மாற்கு எழுதிய நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை இப்பின்னணியில் மீண்டும் வாசித்தல் நலம். கல்லறைகளில் வாழ்ந்த அம்மனிதனை ஊரார் பலமுறை விலங்குகளாலும் சங்கிலிகளாலும் கட்டினர். அவர்களைக் கொடியோர் என்று நற்செய்தியாளர் கூறவில்லை. அவர்கள் பழகிப்போனவர்கள். இயேசுவோ அம்மனிதனிடம் பெயரைக் கேட்கிறார். அவன் தெளிந்த புத்தியோடு அமர்ந்திருந்ததைக் கண்டபோதுதான் ஊரார் அஞ்சினர்; அவன் கட்டுண்டு கிடந்த காலமெல்லாம் அவர்கள் அஞ்சியதாக அங்கே சொல்லப்படவில்லை. இறுதியில் இயேசு அவனைத் தம்மோடு அழைத்துச் செல்லாமல், அவனுடைய வீட்டாரிடமே அனுப்புகிறார்.

நல்ல சமாரியனின் உவமையிலும், ஆசாரியனும் லேவியனும் காணாமற்போனவர்கள் அல்லர், கண்டபின் விலகிப்போனவர்கள். சமாரியனும் எல்லாவற்றையும் தானே செய்துவிடவில்லை. காயங்களைக் கட்டினான், பின்பு அதற்குரிய இடத்தில் ஒப்படைத்தான், திரும்பி வந்து விசாரிப்பதாக உறுதி சொன்னான். அறிவித்தல் என்பதன் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியுள்ளது.

அறிதலும் அறிவித்தலும்

சபைப் போதகர் வீடுகளைச் சந்திக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்? மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வளையம்போல் படிந்த தழும்பு. விழுந்ததாகச் சொல்லப்படும் காரணத்தோடு பொருந்தாத காயம். வெவ்வேறு காலத்தில் ஏற்பட்டுப் புதியதும் பழையதுமாகத் தோன்றும் கன்றல்கள். பிரம்பு, வார், சூட்டுக்கோல் ஆகியவற்றின் வடிவம் காட்டும் தடங்கள். பேணுபவர் அருகில் வந்தவுடன் பேச்சை நிறுத்தும் குழந்தை. தனித்துச் சந்திக்க ஒருபோதும் விடப்படாத முதியவர். இவற்றுள் ஒன்று மட்டும் கொண்டு முடிவுக்கு வருதல் கூடாது. ஆனால் ஒன்று கண்டாலே விழிப்படைதல் வேண்டும்.

ஐயம் எழுந்தபின் செய்யத்தக்கவை சில. கேட்டதையும் கண்டதையும் நாளும் நேரமும் குறித்து, சொன்னவரின் சொற்களிலேயே எழுதி வைத்தல் வேண்டும். இதை எவரிடமும் சொல்லமாட்டேன் என்று குழந்தைக்கு வாக்களித்தல் கூடாது. உனக்கு உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன் என்று கூறலாம். நாமே புலனாய்வில் இறங்குவதும், குற்றஞ்சாட்டப்பட்டவரை நேரில் சென்று கேட்பதும் தீமையை மிகுவிக்கக்கூடும். சபைக் குழுவில் வைத்துச் சமரசம் பேசி முடித்தல் அறவே தகாது. அடித்தவரும் நம் சபையார் என்பது உண்மையே. அவருக்கும் மேய்ப்புப் பணி உண்டு. அது அடிபட்டவரின் பாதுகாப்புக்குப் பின் வருவது.

குழந்தையாயின் 1098 என்னும் உதவி எண்ணையும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவையும் அணுகலாம். முதியோர்க்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்கள் உள்ளன. மாற்றுத்திறனாளிகள்மீதான வன்முறையை எவரும் நிர்வாகத்துறை நடுவரிடம் தெரிவிக்க 2016ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களைப் பொறுத்தமட்டில், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவித்தல் எவருக்கும் கட்டாயம். அறிந்தும் அறிவியாமை தண்டனைக்குரியது. போதகருக்கெனத் தனி விலக்கு அதில் இல்லை. பள்ளிகளில் உடல்தண்டனையைத் தமிழக அரசு 2003இலும், நாடாளுமன்றம் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலும் தடை செய்துள்ளன. ஆகவே திருச்சபையின் பள்ளிகளும் மாணவர் விடுதிகளும் முதியோர் இல்லங்களும் தம் கதவுகளைத் தாமே திறந்து வைத்தல் தகும். உரிமம் உண்டா, வெளியார் முன்னறிவிப்பின்றி வந்து காண இயலுமா, அங்கே வாழ்வோர் முறையிட நிர்வாகத்தைச் சாராத ஒருவர் உளரா என்னும் மூன்று வினாக்களையும் ஒவ்வொரு பேராயமும் தன் நிறுவனங்களிடம் ஆண்டுதோறும் கேட்கலாம்.

செபம் செய்யும் இல்லங்களைப் பற்றியும் ஒன்று கூறி முடிப்போம். நோயுற்றோருக்காகச் செபிப்பது திருச்சபை விடக்கூடாத பணி. செபத்தின் பெயரால் ஒருவரைக் கட்டவோ அடிக்கவோ பட்டினி போடவோ மருந்தை நிறுத்தவோ நேர்ந்தால், அங்கே செபம் நின்று வன்முறை தொடங்கிவிட்டது என்று நாம் அறிய வேண்டும். அதைக் காணும் போதகர் முழங்காலிலிருந்து எழுந்து காவல் நிலையத்துக்குச் செல்வாராயின், அவர் தம் செபத்தைக் கைவிட்டவர் ஆகார். ஏர்வாடிக் கொட்டகையைக் கடந்து சென்றவர்களுள் பலர் அங்கிருந்தோர்க்காக மனம் இரங்கி வேண்டியிருப்பர். அவ்வேண்டுதலோடு ஒரு முறையீடும் எழுதப்பட்டு, அது விடாமல் பின்தொடரப்பட்டிருக்குமானால், அந்த விடியற்காலையில் அவர்கள் எழுந்து ஓடியிருக்கக்கூடும்.